பிடிச்சிருக்கா

பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை, சார். பேரமும் அப்படித்தான். இரண்டுக்கும் எதிரில் ஒருவர் வேண்டும். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் காரியம் நடக்கும்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பெடலிலிருந்து தன் கால் தவறியதால்தான் புருஷன் செத்தான் என்று உன் தங்கை சொல்கிறாள், அன்றைக்கு நீயும் பக்கத்தில் இருந்தாயாமே, அது உண்மையா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இந்த டீ ஆறுவதற்குள் எழுந்து கடைக்குப் போயிருப்பேன். ஆனால் ஆமாம், இல்லை இரண்டையும் எங்கள் வீட்டில் சுலபத்தில் கையில் எடுக்க மாட்டோம். அதனால்தான் கொஞ்சம் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்தவள். ஜன்னல்களை அளந்தாள், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள், பிறகு நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, என் புருஷனை நான்தான் கொன்னேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆர்டரோடு வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுத்த கடை எங்களுடையதாகத்தான் இருக்கும். அளவு சரியாகத்தான் எடுத்திருப்பாள், அதில் சந்தேகம் வேண்டாம். அந்தப் பக்கத்து அறை வாசலில் தொங்குகிறதே பழைய திரை, அதை முதலில் மாற்றுங்கள். தரைக்கு நான்கு விரல் குட்டை. யாரோ துவைத்தால் சுருங்கும் துணியைத் துவைக்காமல் தைத்திருக்கிறார்கள். என் கடைத் துணி இல்லை. குட்டைத் திரை மறைக்கவும் மறைக்காது, காட்டவும் காட்டாது. அதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு ஓடாது. இன்றைக்கு என்னவோ ஓடுகிறது.

எங்கள் கடை மார்க்கெட் தெருவில், அப்பா காலத்துக் கடை. அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் சொல் 'ம்'. சிரிக்காதீர்கள். வாடிக்கையாளர் கேட்பார்: "சாயம் போகாதே?" அப்பா "ம்" என்பார், அதே மூச்சில் அடுத்த துணியை விரித்துவிடுவார். கேட்டவர் அதைப் போகாது என்று எடுத்துக்கொள்வார். மூன்றாவது சலவையில் போகும். சண்டைக்கு வந்தால் அப்பா அமைதியாகக் கேட்பார், "போகாதுன்னு நான் சொன்னேனா?" சொல்லவில்லைதான். அவர் எந்த நாளும் கல்லாவில் உட்கார்ந்து பொய் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

அப்பா போனார், அடுத்து அம்மா. அப்போது எனக்கு மீசை கருத்திருந்தது, அவ்வளவுதான். தங்கைக்குப் பள்ளிக்கூடப் பை. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான், தலையில் நாலு வெள்ளை முடி வந்த பிறகும். அவளுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, வீட்டில் ஆள் குறையாக இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்கு வர ஆரம்பித்த பிறகு அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள். நான் ஒரு விலை சொல்வேன். உள்ளேயிருந்து அவள் பதறுவாள், "அண்ணா, அது அடக்க விலைக்கும் கீழ, நமக்குக் கட்டாது." நான் தலையைச் சொறிவேன், வாய் விட்டுட்டேனே பாப்பா என்பேன். வாடிக்கையாளர் அந்த விலைக்கே துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். அடக்க விலை எங்கேயோ பாதாளத்தில் இருக்கும். ஷட்டரை இறக்கிய பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே துணியை மடிப்போம், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. பெரிய துணியைத் தனியாக மடிக்க முடியாது. அதுவும் இரண்டு ஆள் வேலை.

மாப்பிள்ளை முதலில் வாடிக்கையாளராக வந்தவர். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். உலகத்து மலை எல்லாம் தெரியும், மார்க்கெட் தெருவில் எதற்கு என்ன விலை என்பது தெரியாது. நான் சொன்ன விலையை அப்படியே கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாத்திய கதவு என்று நினைத்துத் தோளால் முட்டினால் திறந்தே கிடந்த மாதிரி எனக்குத் தடுமாறிவிட்டது. பாப்பா அவரைத் திரும்பக் கூப்பிட்டு, திரையை ஒதுக்கிக் கட்டும் கயிறு ஒரு ஜோடியைச் சும்மா கொடுத்தாள்.

"எதுக்குங்க இது?" என்றார்.

"பேரம் பேசாதவங்களுக்குக் கடையில தர்ற தண்டனை."

"அப்ப அடுத்த தடவையும் பேச மாட்டேன்."

அந்த வாத்தியார் வீட்டில் எத்தனை ஜன்னல் இருந்ததோ தெரியாது, வந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பாப்பா தன் முனையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணா, அவரை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதே வீட்டில், அதே கடையில் வளர்ந்தவள். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே குடி வந்தார், கடைக்குப் பின்னால் இருக்கும் வீடு, மாடி காலியாகத்தான் கிடந்தது. அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எனக்குத்தான் முதலில் பரிமாறச் சொல்வார். என் முதுகு வலிக்கு மாத்திரை வாங்கி வருவார். அவரோடு சண்டை போட எனக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை. அந்த ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

பிறகு அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் வேலை கிடைத்தது.

பாப்பா தானாகவே சொன்னாள், நானும் போறேன் அண்ணா, கடையை நீ பார்த்துக்க. அழவில்லை, மென்று முழுங்கவில்லை. சொல்லிவிட்டு, அவளுடைய பெரிய கத்தரிக்கோலை, பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கையைத் தவிர வேறு கை படாத கத்தரிக்கோலை, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, என் பக்கத்து மேஜையில் வைத்தாள். "இது கடையிலயே இருக்கட்டும்." துணிமணியை எடுத்துப் போகிறவள், பாத்திரத்தை எடுத்துப் போகிறவள், கத்தரிக்கோலை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? வியாபாரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கத்தரிக்கோல் இல்லாத இடத்தில் அவளுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் தன் பழைய காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, கீழே சாக்கு விரித்துப் படுத்திருந்தார்.

"மெக்கானிக்கிட்ட விட்டா என்ன மாப்பிள்ளை?"

"மலை இறங்கணும், மச்சான். பழைய பிரேக் ஆயில் சூட்டுல கொதிச்சிடும். புது ஆயில் ஊத்தி காத்தெடுத்துட்டா நிம்மதி. புத்தகத்துல படம் போட்டே சொல்லியிருக்கான்."

உங்களுக்கு இது தெரிந்திருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே குழாயில் ஆயில் ஓடுகிறது. அதில் காற்றுப் புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் கலந்து ஒரு டியூப் வழியாகப் பாட்டிலில் வடியும். அவர் திருகை மூடிய பிறகுதான் இவர் காலை எடுக்கலாம். அதற்குள் எடுத்தால், வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே போய்விடும். மொத்த வேலையும் மூன்று சொல்லில் நடக்கும்: அழுத்து, பிடிச்சிருக்கா, விடு.

பின் சக்கரங்களுக்குப் பாப்பாதான் உள்ளே உட்கார்ந்தாள். நான் வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடிச்சிருக்கா?"

"எதைக் கேக்குறீங்க, பெடலையா, உங்களையா?"

"முதல்ல பெடல். என்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"பெடல் பிடிச்சிருக்கு வாத்தியாரே. உங்களைப் பத்தி யோசிச்சுத்தான் சொல்லணும்."

காருக்கு அடியிலிருந்து அவர் சிரிப்பு வந்தது. ஆளைப் பார்க்க முடியவில்லை, இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பின் சக்கரம் நடக்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. பாப்பா திடுக்கிட்டுத் திரும்பினாள், கால் தூக்கிக்கொண்டது. திருகு இன்னும் திறந்திருந்தது.

"ஏய் முதலாளியம்மா, காத்து உள்ள போயிடுச்சு!"

"ஐயோ, போச்சா? என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது, விடு. டியூப் நுனி ஆயிலுக்குள்ள முங்கல, அதான். முக்கிட்டு மறுபடியும் எடுத்துடலாம்."

எடுத்தார்கள். பாட்டிலில் ஒரு குமிழி கூட வராத வரைக்கும் அந்தச் சக்கரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன், சார். கண்ணாடி மாதிரி ஆயில் வந்தது. அவள் கால் தவறியது உண்மை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். இத்தோடு நிறுத்தினாலும் அவளை விட்டுவிடலாம் இல்லையா? ஆனால் நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை.

வேனில் வந்தது காலி அட்டைப் பெட்டிகள். சாமான் கட்ட அவள் வரவழைத்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, அண்ணா, முன் சக்கரத்துக்கு நீ உக்காரேன் என்றாள். உட்கார்ந்தேன். அதுவரை எனக்கு அந்த வேலையில் எந்த இடத்தில் என்ன தப்பு நடக்கலாம் என்று தெரியாது. அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன். திட்டம் போட்டு வந்தவன் இல்லை நான்.

ஏறி உட்காரும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன் சக்கரத்துக்கு அந்த டியூப் குட்டை. அதன் நுனி பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் முங்க வேண்டும். முங்கியிருந்தால் கால் தவறினாலும் ஆயில்தான் திரும்பும், காற்று போகாது. இதையும் அவரே முன்னால் பாப்பாவுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நுனி பாட்டில் கழுத்திலேயே நின்றது. ஒரு துண்டு நீளம் போதாது. என் தொழிலில் நீளம்தான் எல்லாம். குட்டையாக இருப்பது என் கண்ணுக்குத் தப்பாது. அவருக்குத் தப்பியது. நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

"அழுத்துங்க மச்சான்."

அழுத்தினேன்.

"பிடிச்சிருக்கா?"

"ம்."

திருகு திறந்தது. ஆயில் வடியும் சத்தம் கேட்டது. அவர் மூடத் தொடங்கும்போது ஸ்பேனர் ஒரு மாதிரி முனகும். அந்த முனகல் ஆரம்பித்ததும் நான் காலை மெதுவாக, துணி மேலிருந்து கையை எடுப்பது போல, எடுத்தேன். அவர் கண் ஸ்பேனரில் இருந்திருக்கும். மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் எடுத்தேன்.

"என்ன மச்சான், வெறும் 'ம்' போடுறீங்க? என் வகுப்புப் பசங்க மாதிரி."

"பழக்கம் மாப்பிள்ளை."

இன்னொரு முன் சக்கரத்துக்குப் போனோம். அடியிலிருந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார். அங்கே கிடைத்திருக்கும் வீட்டைப் பற்றி. குளிர் அதிகமாம். ஜன்னல் பெரிதாம்.

"மாடியில கிழக்குப் பார்த்த அறை உங்களுக்குன்னு வெச்சிருக்கோம். அவளோட ஏற்பாடு இல்ல, என்னோடது. கடைக்கு ஒரு ஆளப் போட்டுட்டு மாசத்துல பாதி நாள் அங்க வந்து இருந்துடுங்க. அந்த அறைக்குத் திரை மட்டும் நீங்கதான் போடணும், ஆமா. அழுத்துங்க."

அழுத்தினேன்.

"பிடிச்சிருக்கா மச்சான்?"

அவர் பெடலைக் கேட்டாரா, அறையைக் கேட்டாரா? என்னால் பார்க்க முடிந்தது அவர் கால்களை மட்டும்தான். இடது காலுறையில் கட்டை விரல் பக்கம் ஓட்டை. பாப்பா அதைத் தைக்க வேண்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். ஒரு ஓட்டைக் காலுறையோடு படுத்துக்கொண்டு ஒருவர் எனக்கு ஓர் அறை கொடுக்கிறார். என்னை ஒருவரும் அதற்கு முன்னால் அவ்வளவு மரியாதையாக விருந்தாளி ஆக்கியதில்லை. என் தங்கை வீட்டில், மாதத்தில் பாதி நாள், கிழக்குப் பார்த்த அறையில்.

"ம்" என்றேன். காலை எடுத்தேன்.

வேலை முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் நான் பெடலைச் சும்மா பல தடவை வேகமாக அழுத்திப் பார்த்தேன். முதலில் தொளதொளவென்று போனது, அழுத்த அழுத்தக் கெட்டியாகிக்கொண்டே வந்தது. காற்று உள்ளே இருந்தாலும் அப்படி அடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கெட்டியாகிவிடும் போலிருக்கிறது. இறங்கிக்கொண்டு, "நீங்களே பாருங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் உட்கார்ந்து அழுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கு, மச்சான்" என்றார்.

கவனியுங்கள், சொன்னது அவர். நான் இல்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கள் தெருவில் எந்தக் காரும் நடக்கிற ஆளைவிட வேகமாகப் போக முடியாது, அதனால் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. சக்கரங்களை இறுக்கினார். கை கழுவினார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். தெரு முனை தாண்டுவதற்குள் பெடல் அமுங்கும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார், மெக்கானிக்கிடம் விடுவார், பயணம் ஒரு நாள் தள்ளிப் போகும். ஒரு நாள் கிடைத்தால் பாப்பாவிடம் பேசிப் பார்க்கலாம். அவ்வளவுதான் நினைத்தேன். இத்தனை வருடமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, வெளியே விரித்துக் காட்டக்கூடிய சரக்குதான்.

மறுநாள் காலையில் அவர் மட்டும் கிளம்பினார். பெட்டிகளைக் கொண்டுபோய்ப் போட்டு, சாவி வாங்கி வர. பாப்பாவும் வருகிறேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் நிறுத்தினேன். "சரக்கு இருப்பு எடுக்காம நீ பாட்டுக்குக் கிளம்பினா எப்படி பாப்பா? இன்னைக்கு ஒரு நாள் இருந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போ." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர்தான் சமாதானம் சொன்னார், "மச்சான் சொல்றது சரிதானே, ரெண்டு நாள்ல நான் வந்துடறேன்ல." கார் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினார்.

மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, ஒன்றும் ஆகவில்லை. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போதுதான். அங்கே மணிக்கணக்கில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்க வேண்டுமாம். வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை, விபத்து. கேஸ் மூடப்பட்டது.

நீங்கள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை இத்தனை காலம் நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் தள்ளிப்போக வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாய் என்றால், தெரு முனையிலேயே திரும்பிவிடும் வண்டியில் தங்கச்சி ஏறினால் உனக்கென்ன? ஏன் அவளை நிறுத்தினாய்?

நல்ல கேள்வி. என் கடையில் உட்கார வைக்கலாம் உங்களை.

ஆமாம், சார். பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன், ஆமாம். தெரிந்துதான் செய்தேன். அந்த வண்டி எங்கே போகும் என்று தெரிந்ததால்தான் அவளை ஏறவிடவில்லை. மாப்பிள்ளையைக் கொன்றது அவள் கால் இல்லை, என் கால். அவளைக் காப்பாற்றியதும் நான்தான். அதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தனித்தனியாக எழுதினால் கணக்கு நேராகாது.

அவள் திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், வீட்டை விட்டே போகவில்லை என்றாலும். பெட்டி வாங்கியது வீண், அவ்வளவுதான். கத்தரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்து மறுபடியும் கையில் எடுத்தாள். பழையபடி ஒரு முனை அவள், ஒரு முனை நான். அடக்க விலைக்கும் கீழே என்று பதறுவது மட்டும் நின்றுவிட்டது. நான் சொல்லும் விலையே விலை.

ஆனால் திரைச்சீலைக் கடையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே நாள் முழுக்கப் பேசப்படும் சொல் என்ன என்று நினைக்கிறீர்கள்? பெண்டாட்டி புருஷனைக் கேட்பாள், மாமியார் மருமகளைக் கேட்பாள், துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கா?" முன்பெல்லாம் அது எனக்குக் காதில் விழுந்ததே இல்லை, மின்விசிறிச் சத்தம் மாதிரி. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அது மேஜைக்குக் கீழேயிருந்து வருகிறது. குனிந்து பார்ப்பேன். தரையில் துணிக் கட்டுகள், அவற்றின் நுனி கால்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் கேட்டுக்கொண்டது தங்களுக்குள். பதில் என்னிடமிருந்து போகும். "ம்." ஒரு அம்மாள் சிரித்தாள், "உங்களைக் கேக்கலங்க, இவரைக் கேட்டேன்." நானும் சிரித்தேன். அப்போது என் வலது கால் மேஜைக்கு அடியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஏதோ உள்ளே போய்விடும் என்று இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தேன், கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மாப்பிள்ளை சொன்ன அதே சொல்.

பாப்பாவுக்கும் அது இருந்தது. சாப்பிடும்போது, துணி வெட்டும்போது, அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். வலது செருப்பு மட்டும் முன் பக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஜோடி ஜோடியாக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு கால், ஒரே பெடல். அதைப் பற்றி நாங்கள் பேசியது ஒரே ஒரு தடவை. அவர் போன அந்த வருடம். நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணா, அன்னைக்கு வேன் வந்தப்ப நான் காலை எடுத்துட்டேனே. அந்தக் காத்து முழுசா வெளிய வரல போல. அதனாலதானே?"

வந்துவிட்டது பாப்பா, நான் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சொல்லியிருந்தால் அவள் நிமிர்ந்திருப்பாள். நிமிர்ந்தவள் எங்கேயாவது போயிருப்பாள். அவளுக்கு அப்போது முப்பது கூட ஆகவில்லை.

"ம்" என்றேன். அடுத்த துணியை விரித்தேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று இன்றைக்குக் காலை வரை நினைத்திருந்தேன். உங்களிடம் அவள் வந்து உட்கார்ந்தாள் என்று கேள்விப்பட்டபோதுதான், அந்த 'ம்'மைத் தூக்கிக்கொண்டுதான் அவள் இத்தனை வருடமும் நடந்திருக்கிறாள் என்று தெரிந்தது. என்ன செய்ய, தூக்கிக்கொண்டிருந்ததால்தான் வேகமாக நடக்க முடியவில்லை, என் பக்கத்திலேயே இருந்தாள்.

கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மாப்பிள்ளை உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அறை கூட ஒதுக்கி வைத்தார் என்கிறாய், அந்த மனுஷனை உனக்குப் பிடித்திருந்ததா இல்லையா?

ம்.

சரி, இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் உள்ளே வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே தெரியும், அந்தத் திரைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று. நான்கு விரல் குட்டை என்று சொன்னேனே. அந்த நான்கு விரலில் இரண்டு செருப்பு தெரிந்துகொண்டிருந்தது. வலது செருப்பின் முன் பக்கம் தேய்ந்தது. நீங்கள்தான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். தப்பில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். நான் இத்தனை நேரம் பேசியது உங்களிடம் இல்லை, சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் அந்த ஒரு எழுத்துதான் வரும். முழுச் சரக்கையும் விரித்துக் காட்டிவிட்டேன், ஓட்டை ஒடிசலோடு. இப்படி ஒரு நாளும் யாருக்கும் காட்டியதில்லை. இதெல்லாம் எதற்காக என்று அவளுக்குப் புரியும். புரிந்துகொள்ளும்படிதான் வளர்த்திருக்கிறேன்.

அவள் வலது கால் இவ்வளவு நேரமும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் கண்ணாடி மாதிரி ஆயில் வந்தது என்று சொன்ன இடத்தில் அது மெதுவாக எழுந்தது, நான் பார்த்தேன். விரல்கள் விரிந்தன. கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே இருந்தது. நான் கடைசி 'ம்' சொன்ன பிறகு இரண்டு காலும் ஒன்றாகத் திரும்பின.

இப்போது அங்கே செருப்பு இல்லை. வெறும் தரை.

எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அவள் வண்டி கூப்பிடத்தான் வெளியே போயிருப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டியாகத்தான் பேசுவாள்.